மயில் நீலக் கதவு

என்னங்க,

முன்கதவுல கை வச்சிராதீங்க, பெயிண்ட் இன்னும் காயல. பின்பக்கமா வாங்க, சாவி துளசித் தொட்டிக்கு அடியில இருக்கு. ரசம் வச்சிருக்கேன், அப்பளம் மட்டும் சுட்டுக்குங்க.

ஆமா, நான்தான் அடிச்சேன். ஒரே ஒரு சின்ன டப்பா மயில் நீலம். இந்த வரிசையில எல்லாக் கதவும் பில்டர் அடிச்ச அதே பழுப்பு. மாத்தலாமான்னு கேட்டப்பெல்லாம் உங்க சிகந்திராபாத் வாய்ல ஒரே பதில்: 'நக்கோ'. வேண்டாம்னு தமிழ்லகூட சொல்ல மாட்டீங்க. விக்கப்போற வீட்டுக்கு எதுக்குக் கலர்னீங்க. என்னைக் கேட்டுக்கிட்டா விக்க முடிவு பண்ணீங்க?

லாலாகுடாவுல அக்கா வீட்ல இருக்கேன். சாயங்காலம் வீடு பாக்க வர்றவங்களுக்கு நீங்களே காப்பி போடுங்க.

கோமதி

பி.கு.: கதவு அழகா இருக்கும்பாங்க. அப்புறம் விலை கேப்பாங்க. அப்ப சொல்லுங்க, உங்க 'நக்கோ'வை.