போதகர் ஐயாவின் கைக்கண்ணாடி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஐயா. இன்று காலை மளிகைக் கடையில் ஷேவிங் சோப்பை மூக்கில் வைத்து மோந்துகொண்டே நின்றுவிட்டேன். கடைக்காரர், "ஏனுங்க, ஊட்டுக்காரருக்குங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் பத்து வருஷமாகத் தாடி வைத்திருப்பது அவருக்கும் தெரியும். வாங்கி வந்தேன்.

அந்த வாசனையில் நீங்கள்தான் வந்தீர்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் போதகர், நான் வார்டு ஆயா. நீங்கள் பைபிளோடு ஒரு கட்டில் பக்கம் போனாலே அடுத்த கட்டில்காரர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். டாக்டர் கைவிட்ட ஆளிடம்தான் போதகர் போவார் என்று வார்டு முழுக்கப் பேச்சு.

"உங்களப் பாத்தாலே பாதி உசுரு போயிருதுங்க" என்பேன்.

"மீதிய நீ பெருக்கித் தள்ளிருவே அம்மணி" என்பீர்கள்.

காரமடைப் பக்கத்து விவசாயி ஒருவர், வயிற்றில் புற்று. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள், ஏழு வருஷம் கழித்து மறுநாள் பார்க்க வருவதாகச் செய்தி. வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்களைக் கண்டதும், "ஜெபம் பண்றதுக்கு நான் இன்னும் சாகலீங்க" என்று திரும்பிப் படுத்தார்.

"ஜெபம் கெடக்குதுங்க. உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

சுவரைப் பார்த்தபடியே, "இந்த மூஞ்சியோட அவ என்னப் பாக்கக் கூடாதுங்க" என்றார். ஒரு மாதத் தாடி.

வீட்டுக்குப் போய் உங்கள் சவரச் சாமானையே எடுத்து வந்தீர்கள். நான் வெந்நீர் பிடித்தேன். எலும்பு துருத்திய கன்னத்தில், மீசையை மட்டும் விட்டு, முக்கால் மணி நேரம் மழித்தீர்கள். கைக்கண்ணாடியைக் காட்டினீர்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "வரச் சொல்லுங்க" என்றார். மகள் வந்தாள். அந்தக் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான்காம் நாள் அவர் போய்ச் சேர்ந்தார்.

பிறகு கடைசி நாட்களில் நீங்களே அதே வார்டில் படுத்தபோது நான் மழித்துவிட்டேன். மூன்று இடத்தில் கீறினேன். "கை பழகட்டும் அம்மணி" என்று கண்ணாடியை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள்.

மூணாங் கிளாசோடு நின்றவள், உங்கள் பைபிளைப் படித்துக் காட்ட எனக்கு வராது. என்ன வேணுமுங்க என்று கேட்க வரும். மோர் கேட்பார்கள், கால் அமுக்கச் சொல்வார்கள், மகனைத் திட்டச் சொல்வார்கள். அதில் நான் கெட்டி.

காலையில் வாங்கிய சோப்பு, முகம் மழிக்கக் கேட்ட பெருந்துறை நோயாளி ஒருவருக்கு. சாயங்காலம் தம்பி வருகிறாராம், பேச்சு வார்த்தை இல்லாத தம்பி. உதட்டுக்கு மேலே என் ரேசர் வரும்போது தும்மிவிட்டார். மீசையில் வலது பக்கம் போய்விட்டது.

கண்ணாடி கேட்டார். காணோமுங்க என்றேன். அது என் இடுப்பில்தான் செருகியிருந்தது.