ஸ்டால் சோதனைக்கு மேசை ஒதுக்கியது குறித்து

அனுப்புநர்:
இறுதியாண்டு மாணவன்,
வானூர்திப் பொறியியல் பிரிவு,
அரசு பொறியியல் கல்லூரி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்.

பொருள்: கல்லூரிக் காற்றுச் சுரங்கத்தில் துணி உலர்த்தியது, சோதிக்காமலே அளவுகளை எழுதச் சொன்னது – முறையான சோதனைக்கு ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் இறுதியாண்டுத் திட்டப்பணி, நானே வடிவமைத்து மரத்தில் இழைத்த விமான இறக்கை மாதிரி. இறக்கையின் முன்விளிம்பை ஓர் அளவுக்கு மேல் நிமிர்த்தினால் காற்று அதன் முதுகை விட்டு விலகும். தூக்குவிசை சட்டென்று குறையும். இதற்கு எங்கள் துறையில் ‘ஸ்டால்’ என்று பெயர். அது எந்தக் கோணத்தில் நிகழும் என்று தெரியாத இறக்கையை நம்பி ஒரு கோழிக்குஞ்சைக்கூட ஏற்றக்கூடாது. அதைக் கண்டறிய, பெரிய விசிறியால் மாதிரியின் மீது காற்றை ஓடவிடும் கல்லூரிக் காற்றுச் சுரங்கம் தேவை. “ஸ்டால் சோதனைக்கு அனுமதி வேண்டி” என்று தலைப்பிட்டு அலுவலகத்தில் விண்ணப்பித்தேன்.

2. ஒதுக்கீடு வந்தது. கல்லூரிக் கண்காட்சியில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பழச்சாறுக் கடைக்குப் பக்கத்தில். அலுவலகக் கண்காணிப்பாளரிடம் கேட்டதற்கு, “ஸ்டால்னுதான தம்பி எழுதியிருக்கீங்க? நல்ல இடமாப் பாத்துத்தான் குடுத்திருக்கோம்” என்றார். மேசையைக் காலியாக விட்டால் ஒழுங்கு நடவடிக்கை என்றதால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் இறக்கையைச் சுவரில் மாட்டும் பலகை என்று நினைத்து விலை கேட்டார்கள். கண்காட்சிப் புகைப்படத்தில் என்னைப் பார்த்த மாமா, பையன் படிப்பை விட்டுக் கடை போட்டுவிட்டானா என்று அம்மாவிடம் விசாரித்திருக்கிறார். இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம்.

3. மறுநாள் ஆய்வகத்துக்குப் போனேன். சுரங்கத்தின் விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாதிரியைப் பொருத்த வேண்டிய அறைக்குள் கண்காட்சி மேடைத் திரைச்சீலைகள் காய்ந்துகொண்டிருந்தன. முந்தைய மாலை மழையில் நனைந்தவையாம். அவற்றின் நூலும் சரிகையும் காற்றோடு சுற்றிவந்து, ஓட்டத்தைச் சீராக்கும் சல்லடையில் அப்பிக்கொண்டன. அதைச் சுத்தம் செய்யும்வரை அந்தச் சுரங்கத்தில் எடுக்கும் எந்த அளவும் குப்பை.

4. துறைத் தலைவரிடம் முறையிட்டேன். சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்ய நேரமில்லை, போன ஆண்டு மாணவரின் எண்களை எடுத்துத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் மாற்றிக்கொள் என்றார். அது வேறு இறக்கை என்றேன். “எழுதிக் குடுப்பா. யாரு வந்து ஊதிப் பாக்கப் போறா?” என்றார். வகுப்பில் மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாளை விமானம் வடிவமைக்கப் போகிறவர்கள் இவர்கள்தான், ஐயா. எனக்குக் குமட்டுகிறது. இதைவிடப் பணிவான சொல் கிடைக்கவில்லை.

5. அடுத்த வாரம் விமானத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் எனக்கு நேர்முகத் தேர்வு. சோதனை அறிக்கை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அறிக்கையில் அளவுகளுக்கான பக்கம் காலியாக இருக்கிறது. காலியாகவே எடுத்துப் போவேனே தவிர, அடுத்தவர் எண்களால் நிரப்ப மாட்டேன்.

ஆகவே, சல்லடையைச் சுத்தம் செய்து, வெளித் தேர்வாளர் முன்னிலையில் என் இறக்கையைச் சோதிக்க உடனே ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆணையில் ‘ஸ்டால்’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘காற்றுச் சுரங்கச் சோதனை’ என்றே குறிப்பிடவும் வேண்டுகிறேன். இன்னொரு மேசை எனக்கு வேண்டாம்.

இடம்: மாணவர் விடுதி
நாள்: மார்ச் 12

இப்படிக்கு,
(ஒப்பம்)
இறுதியாண்டு மாணவன்

இணைப்பு: சல்லடையிலிருந்து பிடுங்கிய திரைச்சீலை நூல், ஒரு கொத்து.