காலி விட்ட ஆறு வரி

சென்னை
12.9.1984

அன்புள்ள வேம்புவுக்கு,

நலமா? உன் அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? பொங்கலுக்கு வந்தபோது அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேனே, அது கதையாகிவிட்டது. ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பப் போகிறேன். டைப் அடித்துத்தான் அனுப்ப வேண்டுமாம். பெரம்பலூரில் டைப்பிஸ்டாக நீ இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பேன்? பள்ளிக்கூடத்திலேயே என் கட்டுரைகளைப் பிரதி எடுத்துத் தந்தவள் நீதானே.

என் ஆராய்ச்சி அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் நாவல்களைப் பற்றியது என்று சொன்னேன் அல்லவா? மற்றவர்கள் எழுதிய கதைகளில் வேலைக்காரியாகத் தட்டை ஏந்திக்கொண்டு மூலையில் நின்றவள், இவற்றில் "நான்" என்று வீட்டுப் பேச்சிலேயே தன் கதையைச் சொல்கிறாள். மேலே நின்று அவளுக்காகக் கதை சொல்ல வேறு ஆள் கிடையாது. படித்துவிட்டு இரண்டு நாள் பிரமை பிடித்தவள்போல் இருந்தேன். அதே மாதிரி, உன் அம்மாவையே "நான்" என்று பேச வைத்திருக்கிறேன். படித்துப் பார், சந்தோஷப்படுவாய்.

உன்
ஜானகி

பெரம்பலூர்
24.9.1984

அன்புள்ள ஜானகி,

கட்டு வந்தது. உன் கையெழுத்தைத் திருத்த இன்னும் ஒரு வாத்தியார் பிறக்கவில்லை. பதினோரு பக்கத்தையும் அடித்துவிட்டேன், ஓர் இடம் தவிர.

நேற்று அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கதையில், வயலோரத் தூளியில் குழந்தை அழுகிறது. நாற்று நடுகிற தாய், போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கேட்கிறாள். நடவை மேற்பார்க்கும் பண்ணைக் காரியக்காரர், இந்த வயல் முடியட்டும் என்கிறார். அவள் நாற்று முடியை அவர்மேல் வீசிவிட்டு வரப்பேறுகிறாள். அங்கே வந்ததும் அம்மாவின் கை நின்றுவிட்டது.

"காரியக்காரரு அன்னிக்கு வயலுக்கே வரலடி. வரப்புல குடை புடிச்சு ஒக்காந்திருந்தது பண்ணைக்காரம்மா, ஜானகியோட அம்மாதான். மடியில இந்த ஜானகிப் பாப்பா."

"அப்ப ஜானகிகிட்ட ஏம்மா சொல்லல?"

"நல்லா இருக்கே! வூட்டுக்கு வந்த புள்ளைகிட்ட, ஒங்கம்மா இப்படின்னு யாராச்சும் சொல்லுவாங்களா? பண்ணையிலன்னு பொதுவாச் சொன்னேன். அது காரியக்காரருன்னு எழுதிக்கிச்சு."

தூளியில் அழுதது நான்தான். எனக்கே நேற்றுதான் தெரியும். நாற்றை யாரும் வீசவில்லையாம். வயலை நட்டு முடித்துவிட்டுத்தான் ஏறினாளாம். அதற்குள் நான் அழுது ஓய்ந்துவிட்டேனாம்.

கையெழுத்து புரியாவிட்டால் அந்த இடத்தைக் காலி விட்டு அடித்து, எழுதியவரையே கேட்பது எங்கள் தொழிலில் வழக்கம். காரியக்காரர் வரும் இந்த இடத்தில் எழுத்து நன்றாகவே புரிந்தது. ஆனாலும் ஆறு வரி காலி விட்டிருக்கிறேன். என்ன வர வேண்டும் என்று எழுது, அடித்துவிடுகிறேன்.

உன்
வேம்பு

சென்னை
3.10.1984

அன்புள்ள வேம்பு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். வெட்கமாக இருந்தது. சனிக்கிழமையே பஸ் பிடித்து அரும்பாவூர் போய் என் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "காத்தாயி வாயத் தொறந்து கேக்கவே இல்லையே! கேட்டிருந்தா விட மாட்டேனா, நான் என்ன ராட்சசியா?" என்று அழுதார். அவருக்கு பிரஷர் வேறு. இதில் நான் யாருக்கென்று தீர்ப்புச் சொல்வது?

கதைக்குக் காரியக்காரரே பொருத்தம். ஆணின் அதிகாரம் என்பது தெளிவாகத் தெரியும். நாற்றை வீசும் இடமும் இருக்கட்டும். எதிர்த்து நின்றால்தானே பெண்ணின் குரல்? கடைசித் தேதி பதினைந்து. அந்த ஆறு வரியையும் நான் எழுதியபடியே அடித்து நேரே பத்திரிகைக்கு அனுப்பிவிடு. என் பெயரில் வந்தாலும் உன் அம்மாவின் கதை என்பது நமக்குத் தெரியுமே.

கோபமா? ஒரு வரி எழுதுடி.

உன்
ஜானகி

பெரம்பலூர்
8.10.1984

அன்புள்ள ஜானகி,

உன் கையெழுத்துப் பிரதி, டைப் அடித்தது, கார்பன் நகல் மூன்றையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆறு வரி காலியாகவே இருக்கிறது. பதினைந்துக்குள் உன் கைக்குக் கிடைத்துவிடும். பேனாவால் எழுதி நீயே கொண்டுபோய்க் கொடுக்கலாம். நான் தடுக்க மாட்டேன்.

உன் அம்மா சொன்னதை என் அம்மாவிடம் சொன்னேன்.

"மூணு தடவ கேட்டேன். மூணாவது தடவ குடைய அந்தப் பக்கமா சாச்சுக்கிட்டாங்க, மடியில இருந்த புள்ளைக்கு வெயில் படுதுன்னு."

நாற்றை வீசுவதைச் சொன்னதும் சிரித்தாள். "வீசியிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். மறுநா வேலைக்கு யாரு கூப்புடுவா? மாருல பாலு கட்டி, சேலையெல்லாம் நனைஞ்சு போச்சு. அதோடதான் நட்டேன். அத எழுதச் சொல்லு."

உன்னை எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ படிக்கும் நாவல்களை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் வேலை செய்த வீட்டின் மகள், அவர்களுக்காக "நான்" என்று எழுதியிருந்தால் உன் ஆராய்ச்சியில் அவளைப் பற்றி என்ன எழுதுவாய் என்று யோசித்தேன்.

கோபமா என்று கேட்டாய். இருந்தது, இருக்கிறது.

சாயங்காலம் தெருமுனை டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறாள். நான் அடிக்கிறேன். இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. மேலே அவள் பெயர்தான் இருக்கிறது. வரப்பில் குடை வரும் இடத்தில், உன் அம்மா பெயரைப் போடவா என்று கேட்டேன். போடு என்றாள்.

"ஜானகி படிக்குமேம்மா."

"படிக்கட்டும். அதுக்குத்தானே சொல்றேன்."

இப்படிக்கு,
காத்தாயி மகள் வேம்பு