சூடில்லாமல் ஓடிய எஞ்சின்

உன் ஊர் பாம்பனில் நிற்கிறேன். கடலுக்குக் கிளம்பும் விசைப்படகுகளின் டீசல் நெடி மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. நடந்துகொண்டே உன்னிடம் பேசுகிறேன்.

அப்பாவின் படகு எஞ்சின் சத்தத்தில் வளர்ந்தவள் நீ. ஆய்வுக்கூடத்தில் நாம் சேர்ந்து கட்டியதற்கோ சத்தமே கிடையாது. மின்புலத்தால் அந்தரத்தில் பிடித்துவைத்த ஒற்றை அணு. குவாண்டம் விதிகள் ஆளும் அளவுக்குச் சின்ன எஞ்சின். மாறி மாறிச் சூடாக்கிக் குளிர்வித்தால் அணு ஊசலாட வேண்டும். அந்த ஆட்டம்தான் அது செய்யும் வேலை. "எங்க அய்யா படகுல இத எங்கன மாட்டுறது?" என்று கேட்டுவிட்டு நீயே சிரிப்பாய்.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊருக்கு வந்துவிட்டாய். அதன்பின் ஒருநாள் எஞ்சின் ஓடியது. ஆய்வுக்கூடமே கொண்டாடியது. மருந்தைவிட இது உனக்கு நல்லது செய்யும் என்று அணு ஆடிய வரைபடத்தை உடனே அனுப்பினேன். போனில் உன் குரல் மெலிந்திருந்தது.

"சூட்ட நிறுத்திட்டு ஓட்டிப் பாத்தியாடி?"

"இல்ல. எதுக்கு?"

"ரொம்ப அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு."

கோபம் வந்தது. ஆனாலும் பார்த்தேன். சூட்டை அறவே நிறுத்திய பிறகும் அணு அதேபோல ஆடியது. மின்சுற்றிலிருந்து கசிந்த சமிக்ஞை அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. நாம் கட்டியது எஞ்சினே இல்லை.

சொன்னபோது நீ அழுதாய். "நாஞ் சொன்னது தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டி. பிரிச்சு மறுபடி கட்டு. எனக்காகன்னு அவசரப்படாத."

அவசரப்படத்தான் செய்தேன். சாப்பாட்டையும் மறந்து சுற்றுகளைப் பிரித்தேன், கட்டினேன், மறுபடி பிரித்தேன். அதற்குள் நீ போய்விட்டாய்.

பல மாதம் கழித்து ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தது. முந்தையதைப் போல அழகில்லை. இரைச்சலுக்குள் புதைந்து கிடந்தது. சூட்டை நிறுத்தினால் நின்றது. கொடுத்தால் எழுந்தது.

நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன்.

"நெசமா ஓடுதா தாயி?"

"நெசந்தாம்மா."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ இருந்தா நம்புவாளா?"

இரவெல்லாம் கணக்குகளை முதலிலிருந்து மறுபடி சரிபார்த்தேன்.

உன் பெயரை முதலில் போட்டு, ஆய்வுக் கட்டுரையை இன்று காலை இதழுக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பினால் மனம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. எங்கே தவறியிருப்பேன் என்று உள்ளே ஏதோ அரித்துக்கொண்டே இருக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு வந்தது இந்த அரிப்புதான். இது என்னை விட்டுப் போகவும் வேண்டாம்.