பச்சை முகக்காரியும் ஃப்ளெக்ஸ் கடைக்காரனும்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்தே ஆடிக்காற்று. ஸ்கூல் மைதானத்துப் புழுதி முழுக்க என் தலையில்.

வெள்ளிக்கிழமை கலைவிழா. ஆறு வருஷமாகப் பகுதிநேர ஓவிய டீச்சர்; இப்போதுதான் மேடையில் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார் எச்.எம். ஒரு ஓவியத்தை விளக்க வேண்டும்.

எடுத்த படம்: நூறு வருஷத்துக்கு முன் வரைந்தது. நாற்காலியில் ஒரு பெண். முகம் பச்சை. கை செங்கல் நிறம். ஆளை இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, பாக்கி முக்கால்வாசியும் வெறும் மஞ்சள் சுவர்.

பேச வேண்டியது: பச்சை, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் நிறம். அவ்வளவு பெரிய சுவர் நெருக்கியும் கண் அவளிடமே போகிறது. சுவரை எடுத்தால் படமே போச்சு.

ஜெயங்கொண்டம் ஃப்ளெக்ஸ் கடை செல்வத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியாச்சு. எட்டுக்கு ஆறு அடி.

ஜூலை 23, புதன்

அடப்பாவி! பாவி!

முகத்தை ரோஸ் ஆக்கியிருக்கிறான். மஞ்சள் சுவரில் எச்.எம்., தாளாளர், ரெண்டு பேரும் கும்பிட்டபடி. மூலையில் ரோஜாப்பூ வேறு.

"மூஞ்சி பச்சையா கெடந்துச்சு டீச்சர், நான்தான் சரி பண்ணேன். எடமும் சும்மாதான கெடந்துச்சு."

"உன்னைய யாருய்யா சரி பண்ணச் சொன்னா?"

"எல்லாருக்கும் பண்றதுதான. உங்க கல்யாண பேனர்லயும் நான்தான் வெளுக்க வச்சேன். நல்லாருக்குன்னு சொன்னீங்களே?"

சொன்னேன்தான். அந்த பேனரைப் பார்த்து "பொண்ணு யாருடி?" என்று என் சித்தியே கேட்டாள். நானும் பல்லிளித்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 24, வியாழன்

எச்.எம். பார்த்தார். "இதான் லட்சணமா இருக்கு. மாத்தாதீங்க." அவர் படம் இருக்கிறதே, மாற்றுவாரா!

பஸ்ஸில் அரியலூர் வரைக்கும் எரிச்சல். செல்வம் மேலா, என் மேலா? ரெண்டு பேர் மேலும்தான்.

வாங்கியது: பல்பொடி, பச்சை எனாமல் பெயின்ட் ஒரு டப்பா, பிரஷ். போஸ்டர் கலர் ஃப்ளெக்ஸில் ஒட்டாது.

ஜூலை 25, வெள்ளி

மேடை. மைக் கரகரப்பு. "இந்தப் பொண்ணு நிறம் இது இல்ல" என்று டப்பாவைத் திறந்தேன். நெற்றி, கன்னம், கழுத்து. தாளாளர் படத்துப் பக்கம் போவதற்குள் எச்.எம். மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"திங்கக்கெழம ஆபீஸ்ல வந்து பாருங்க." வேலை போனால் போகட்டும் என்று சொல்ல ஆசை. பயமாகத்தான் இருக்கிறது.

முன்வரிசையில் ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தவளிடம்: "ஏய், இப்பதான்டி அது மொறைக்குது."

வீடு. கோழிக்கூண்டு மேல் என் கல்யாண பேனர், பாதி கிழிந்து. முகம் மட்டும் இன்னும் ரோஸ். டப்பாவில் மிச்சம் இருக்கிறது, ஆனால் பச்சை என் நிறம் இல்லை.

நாளைக்கு: பிரவுன் ஒரு டப்பா. நல்ல கருப்பு பிரவுன்.