ஏரிக்கரை விளக்குகளின் சாய்வு

மார்ச் 4, செவ்வாய்

ஏரிக்கரைச் சாலையில் புது எல்இடி விளக்குகளின் முதல் மாதக் கணக்கு வந்தது. மொத்தம் 212 விளக்குகள். மின்சாரம் அறுபத்தொரு சதவீதம் குறைந்திருக்கிறது. திட்டத்தில் நான் எழுதிக் கொடுத்ததைவிட ஒரு சதவீதம் அதிகம். நல்ல செய்தி என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்; மூன்று முறை சரிபார்த்தேன். சரிதான். அந்த அளவுக்கு எங்கோ கரி எரியாமல் இருக்கிறது. இனி ஆண்டுதோறும் பாதரச விளக்குகளைக் கழற்றிக் குப்பையில் போடவும் வேண்டாம்.

தலைமைப் பொறியாளரிடம் காட்டினேன். எதற்கும் "ஆகட்டும்" என்பார், அலுவலகத்தில் அவருக்கு அதுவே பெயர். இன்றும் அதேதான்: "ஆகட்டும், விருதுக்கு அனுப்பிடுங்க."

வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது சொல்லலாமா என்று யோசித்தேன். மதியம் மிஞ்சியதைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மாலை ஏரிக்கரையில் நடந்தேன். படகு வாடகைக்கு விடுகிறவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"லைட் மேடம்தானே? லைட்டெல்லாம் ஜோராத்தான் இருக்கு. ஆனா நீர்க்காகமெல்லாம் ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு."

ஏரி நடுவே உள்ள திட்டு மரங்களில்தான் அவை இரவு தங்குமாம். இருநூறுக்கு மேல் இருந்தனவாம்.

"இடம் மாறுற காலமா இருக்கும்," என்றேன்.

"இது கூடு கட்டுற காலம் மேடம். பதினாறு வருஷமா இங்கயே கிடக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஒரே ஒருவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மார்ச் 12

ஆறேகாலிலிருந்து ஏழு வரை உட்கார்ந்து எண்ணினேன். பதினேழு.

மார்ச் 13

பதினான்கு.

மார்ச் 14, வெள்ளி

பதினான்கு. விளக்கு எரிந்ததும் நான்கு எழுந்து போய்விட்டன. பத்து என்று எழுதுவதே நேர்மை.

தங்கை போன் செய்தாள். "ஏரிக்கரையில தனியா உக்காந்து காக்கா எண்ணிட்டிருக்கியாக்கா? இங்க வந்து நாலு நாள் இருன்னா மட்டும் வேலை இருக்கும்."

"நீர்க்காகம்," என்றேன். சிரித்தாள். போனை வைத்த பிறகு அந்தச் சொல்லை இன்னொரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இன்று வீட்டுக்குள் வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

லைன்மேனுடன் தூக்கு வண்டியில் ஏறிப் பார்த்தேன். ரசமட்டத்தை விளக்கின் மேல் வைத்ததுமே தெரிந்துவிட்டது. விளக்கு படுத்திருக்கவில்லை, ஏரியைப் பார்த்து அண்ணாந்து நிற்கிறது.

பழைய விளக்குகள் குண்டு. அவற்றுக்காகவே கம்பத்தின் கையை மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருந்தார்கள். புதியது தட்டை, அதே கையில் மாட்டினால் வெளிச்சத்தில் பாதி சாலையைத் தாண்டி நேரே திட்டு மரங்களில் போய் விழுகிறது.

"மாட்டுறப்பவே சொன்னேன் மேடம். சூப்பர்வைசர் பேப்பரை எடுத்துக் காட்டிட்டாரு."

"என்ன பேப்பர்?"

அவர் வண்டியின் விசையைத் துடைக்க ஆரம்பித்தார். பாவம், நாகரிகமான மனிதர்.

"பழைய கைகளையே பயன்படுத்த வேண்டும்." நான் எழுதிய வரி. 212 இரும்புக் கைகள் வீணாகாமல் காப்பாற்றிவிட்டேன் என்று அதற்காகவே உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டேன். சாய்வை யோசிக்கவில்லை. எப்படி யோசிக்காம விட்டேன்? பத்துப் பக்கத்துல அடுத்தவன் போட்ட காற்புள்ளி வரைக்கும் குறை சொல்றவ — கம்பத்துக்குக் கீழ நின்னு ஒரு தடவை அண்ணாந்து பாத்திருந்தா போதுமே.

மார்ச் 19

இரண்டாம் கட்டம் ஆற்றங்கரையில், 1,400 விளக்குகள். அதிலும் அதே வரி. வெள்ளிக்கிழமை உத்தரவு போகிறது.

அந்த வரியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஏற்கெனவே மாட்டிய 212? அவற்றைத் தொட வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் நான்.

மார்ச் 21, வெள்ளி

கூட்டத்தில் சொன்னேன். எழுதி வைத்ததைப் படித்தேன்.

திட்டப் பிரிவுக்காரர், "மேடம் வழக்கமா எங்க தப்பைத்தான் கண்டுபிடிப்பாங்க. இன்னிக்கு ஒரு மாறுதல்," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும், உண்மைதானே.

'ஆகட்டும்' சார் இன்று 'ஆகட்டும்' என்று சொல்லவில்லை. "விருது முடியட்டுமே. அப்புறம் பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள முட்டை வைக்கிற காலம் போயிடும் சார்."

"யார் தவறுன்னு எழுதறது?"

"என் பேரை எழுதுங்க."

பேனாவை ஒரு முறை மூடித் திறந்தார். பிறகு எழுதினார். ஆற்றங்கரை உத்தரவிலும் அந்த வரியை அடித்தார்.

மார்ச் 25

குடிநீர்ப் பம்புப் பிரிவுக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். 'நிர்வாகக் காரணம்'. புது அறையில் ஜன்னல் இருக்கிறது. அதற்கு எதிரே சுவர். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் கூப்பிடவில்லை. பழைய பிரிவிலும் கூப்பிட்டதில்லை என்பது இன்றுதான் உறைத்தது.

ஏப்ரல் 4, வெள்ளி

லைன்மேன் போன் செய்தார். விளக்குகளுக்கு அடியில் ஆப்பு வைத்து எல்லாவற்றையும் மட்டமாக்கிவிட்டார்களாம். ஏரிப் பக்கம் மறைப்புத் தகடும் உண்டு. வெளிச்சம் முழுக்கச் சாலையிலேயே விழுந்ததால் கண் கூசுகிறது என்று அளவையும் குறைத்துவிட்டார்களாம்.

"இப்போ சேமிப்பு எழுபத்திரண்டு பர்சென்ட் மேடம். உங்களுக்கு ஃபைல் வராதேன்னு சொன்னேன்."

நன்றி என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 11

விருது விழா. என்னை அழைக்கவில்லை. பம்பு அறையில் கசிவு பார்த்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஒரு மாதத்துக்குப் பிறகு ஏரிக்கரை. எனக்கு முன்பே படகுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் வராத நாட்களில் அவர் எண்ணியிருக்கிறார்; படகுச் சீட்டுகளின் பின்பக்கம் முழுக்கத் தேதியும் எண்ணும்.

விளக்குகள் எரிந்தன. சாலை வெளிச்சமாக இருந்தது. திட்டு கறுத்தே கிடந்தது. ஒன்றுகூட எழுந்து போகவில்லை. மூன்று இடங்களில் குச்சிகள் சேர்ந்திருந்தன. கூடு என்று இப்போதே எழுத மாட்டேன்.

"நாற்பத்தொண்ணு," என்றேன்.

"நாற்பத்து மூணு. பின்கிளையை விட்டுட்டீங்க."

"பறந்து வந்ததை நீங்க ரெண்டு தடவை எண்ணிட்டீங்க."

"சரி மேடம், முதல்லேருந்து வருவோம்."

தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். இடப்பக்க மரங்களை நான் எடுத்துக்கொண்டேன். வலப்பக்கம் அவருக்கு.