மதினி வெட்டிய டைமண்ட்

ஐப்பசி, ஞாயிறு.

மதினி இன்று திருவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். பட்டாளத்தில் குளிர் ஊரில் இருக்கும் தன் மகனுக்கு, அவனுடைய பழைய சட்டைகளை வெட்டி நட்சத்திரப் போர்வை தைக்க வேண்டும். அவர் டைமண்ட் வடிவில் வெட்டிவந்த எட்டுத் துண்டுகளை நட்சத்திரமாகச் சேர்த்துத் தைத்தேன். நடுவில் குடைபோல எழும்பி நின்றது.

“ஏட்டி, ஒன் தையல்தான் இழுக்கு. நான் எம்புட்டு வருசமா ஜாக்கெட் வெட்டுதேன்!” என்றார்.

தையலைப் பிரித்துத் துண்டுகளை அடுக்கினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக இருந்தது.

“அளவு வச்சு வெட்ட நான் குடுத்த அட்டை எங்க மதினி?”

“அது எதுக்கு? வெட்டுன துண்ட வச்சுத்தான் அடுத்தத வெட்டுனேன்.”

ஜாக்கெட்டுக்கு அது போதும். டைமண்டுக்கு ஆகாது. ஒவ்வொரு தடவையும் சாக்பீஸ் கோட்டின் தடிமன் அளவுக்குத் துண்டு பெரிதாகிக்கொண்டே போகும்.

வேறு சட்டை இல்லை. எல்லாவற்றையும் இருப்பதில் சிறிய துண்டின் அளவுக்கே நறுக்கித் தைத்தேன். நட்சத்திரம் தட்டையாகப் படுத்தது.

“இது அவன் காலுக்கு எட்டுமா?” என்றார் மதினி. குரல் இறங்கியிருந்தது. அவனிடமிருந்து போன் வந்து நாளாகிறது.

“எட்ட வச்சிருவேன்” என்றேன்.

சுற்றிக் கரை கொடுத்தால் எட்டும். போன தீபாவளிக்கு மதினி எடுத்துத் தந்து, நான் ஒரு நாளும் கட்டாத பச்சைச் சேலை பெட்டியில் கிடக்கிறது. நாளைக்கு அதைத்தான் கிழிக்கப் போகிறேன். பார்த்ததுமே தான் தந்த சேலை என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். மகன் கால் குளிராது என்றால் அவரும் வாயைத் திறக்கமாட்டார்.